கடைசியாகக் குறைந்த இடம்: வடக்கில் மலேரியா மறைந்த வரலாறு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'கோதாரி' என்றொரு சொல் உண்டு. எரிச்சல் வந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாயில் முதலில் வரும் வசை அதுதான். கோதாரி என்பது வாந்திபேதி, அதாவது கொலரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டைத் திரும்பத் திரும்ப உலுக்கிய அந்த நோய் இன்று வெறும் வசைச் சொல்லாகவே எஞ்சியிருக்கின்றது. மலேரியாவுக்கு அந்த அளவு நினைவுகூட மிஞ்சவில்லை. உரும்பிராயில் இன்று இருபது வயதாகும் ஒருவரிடம் குளிர்காய்ச்சல் எப்படியிருக்கும் என்று கேட்டால் அவர் டெங்கைப் பற்றியே பேசுவார். அவருடைய பெற்றோர் அந்தக் காய்ச்சலில் மூன்று கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு நடுங்கியவர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

2020 முதல் 2022 வரையான கொரோனாக் காலத்தில் மாவட்டவாரியான தொற்றாளர் அட்டவணையை நாள்தோறும் செய்தியாக்க வேண்டியிருந்தது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெடித்தபோது கம்பஹாவும் கொழும்பும் ஏறின. பின்னர் அங்கே இறங்கும்போது வேறு மாவட்டங்கள் ஏறின. 'நாட்டில் தொற்றுக் குறைகின்றது' என்று தலைப்பிட்ட அதே நாளில் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் அது கூடிக்கொண்டிருந்தது. அந்த அட்டவணைகளைப் பார்த்தபோதெல்லாம் என் நினைவுக்கு வந்தது மலேரியாவின் கதைதான். ஒரு தொற்று நோய் எந்தப் பிரதேசத்தில் முதலிற் குறைகின்றது, எங்கே கடைசியாகக் குறைகின்றது, அந்தக் குறைவை எவ்வாறு நம்புவது என்ற கேள்விகளுக்கு இலங்கையில் அதனைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அந்தப் பாடத்தின் இறுதி அத்தியாயம் வடக்கில் எழுதப்பட்டது என்பதனால் அதனைப் பதிவு செய்ய விரும்புகின்றேன்.

நோயும் நிலமும்

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்பதாகும். சாக்கடையை அது நாடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளையே நாடும். மழை பொய்க்கும்போது ஆறுகள் ஓட்டம் நின்று மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கும் அல்லவா, அதுவே அதற்கு உகந்த இடம். ஆகவே உலர் வலயத்தில் இந்நோய் ஆண்டுதோறும் இருந்தது. வன்னியில் அது வாழ்வின் ஒரு பகுதியாகவே இருந்தது. குடியேற்றவாதக் கால வைத்தியர்கள் ஓரிடத்தில் மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அறிய, பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு வீங்கிய மண்ணீரல்களைக் கணக்கிட்டார்கள்.

குடாநாட்டின் நிலை சற்று வேறு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர இங்கே ஆறு என்று சொல்ல எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்கின்றது. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, ஊரெழு, கோண்டாவில் ஆகிய செம்மண் ஊர்களெல்லாம் கிணற்றை நம்பித் தோட்டம் செய்த ஊர்கள். துலா மிதித்தும் பின்னர் இயந்திரம் வைத்தும் நாள்தோறும் இறைக்கப்பட்ட கிணற்றில் நுளம்புக் குடம்பிகள் வளர்வதற்கு அதிக வாய்ப்பில்லை. எனவே குளிர்காய்ச்சலை வன்னியின் நோயாகவே குடாநாட்டார் எண்ணினர். அங்கே வயல் செய்யப் போனவர்கள் நெல்லோடு காய்ச்சலையும் கொண்டுவந்தார்கள் என்பது பழைய பேச்சு.

1934: குறைவைக் கொண்டுவந்த மழை

இந்த நில வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை 1934-35 ஆம் ஆண்டுப் பெருந்தொற்று காட்டியது. 1934 இல் பருவமழைகள் பொய்த்தன. வழக்கமாக நீர் நிறைந்தோடும் களனி, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியன வற்றிக் குட்டைகளாயின. ஒக்டோபர் மாதத்திலிருந்து கேகாலை, குருணாகல் பிரதேசங்களில் நோய் காட்டுத்தீ போலப் பரவியது. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றதாகவும், சுமார் 80,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. நாட்டின் மக்கள்தொகை அக்காலத்தில் ஐம்பத்தைந்து இலட்சமளவே.

ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்த உலர் வலயத்தைக் காட்டிலும், அதற்குப் பழக்கப்படாத பிரதேசங்களிலேயே சாவு அதிகமாக இருந்தது. ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த மக்களுக்கும் அது இல்லாத மக்களுக்கும் உள்ள வேறுபாடு இது. கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணி செய்த சூரியமல் இயக்கத்தினர் பின்னாளில் இடதுசாரி அரசியலின் தலைவர்களானார்கள். பருப்பு விநியோகித்த என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்று அழைத்ததும் அப்போதுதான். 1935 இன் நடுப்பகுதியில் நோய் தணிந்தது. மருந்தும் நிவாரணமும் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், பரம்பலைத் தணித்ததிற் பெரும்பங்கு மழையினுடையது. ஆறுகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது குட்டைகள் அடித்துச் செல்லப்பட்டன. அக்குறைவை எவரும் தமது வெற்றியாகக் கொண்டாட முடியாது.

17 பேர் என்ற எண்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. 1945-46 இல் தொடங்கி வீட்டுச் சுவர்களுக்கு விசிறப்பட்டது. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947 இல் 14 ஆக வீழ்ந்தது. ஒரே ஆண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகில் வேறெங்கும் காண்பது அரிது. இதன் காரணம் பற்றி அறிஞர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. பீற்றர் நியூமன் மலேரியா ஒழிப்புக்கே பெரும்பங்கு கொடுத்தார். எஸ். ஏ. மீகம, மலேரியா குறைந்த பிரதேசங்களிலும் இறப்பு வீழ்ந்தமையைச் சுட்டிக்காட்டி, உணவு, வைத்தியசாலை வசதி என்பவற்றின் பங்கை வலியுறுத்தினார். பின்னர் ஆர். எச். கிரே, போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் கால்வாசியளவே மலேரியாக் கட்டுப்பாட்டினால் வந்தது எனக் கணித்தார். மூவரும் தமது வாதத்துக்கு மாவட்டங்களின் வேறுபாட்டையே சான்றாகக் கொண்டனர். நாடு தழுவிய ஓர் எண்ணை மட்டும் வைத்திருந்தால் அந்த விவாதமே நடந்திராது.

1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். அவர்களுள் 11 பேர் நோயை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள். மருந்து விசிறல் நிறுத்தப்பட்டது; கண்காணிப்பும் தளர்ந்தது. எலஹெர போன்ற இடங்களில் இரத்தினக்கல் தேடியவர்கள் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது; மழையும் பொய்த்தது. 1967 இன் பிற்பகுதியில் நோய் மீண்டது. 1969 ஆம் ஆண்டில் மட்டும் 5,37,000 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பதினேழிலிருந்து ஐந்து இலட்சத்துக்குச் செல்ல ஆறே ஆண்டுகள் போதுமாயிருந்தன. டி.டி.ரி. க்கு நுளம்புகள் ஈடுகொடுத்துவிட்டதனால் 1970களின் நடுப்பகுதியிலிருந்து மலத்தியன் பயன்படுத்தப்பட்டது. எனினும் 1987 இல் எண்ணிக்கை 6,80,000 ஐத் தாண்டியது. மகாவலிக் குடியேற்றப் பிரதேசங்களில் புதிதாகக் குடியமர்ந்தவர்கள் அப்போது பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

வடக்கின் பத்தாண்டு

1990களில் வரைபடம் மாறியது. நாட்டின் தென்பகுதியில் மலேரியா படிப்படியாகக் குறைந்தபோது, வடக்கும் கிழக்கும் அதன் கோட்டைகளாயின. காரணம் எல்லோரும் அறிந்ததே. மருந்து விசிறும் குழுக்கள் செல்ல முடியாத ஊர்கள் பெருகின. பொருளாதாரத் தடையால் மருந்து வகைகள் மட்டுப்படுத்தப்பட்டன. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமையால் நீரிறைக்கும் இயந்திரங்கள் உறங்கின. பத்திரிகைத் தாள் இல்லாமல் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் செய்தி அச்சிட்ட காலம் அது. இடமின்மையால் மரணச் செய்திகளையே சுருக்க வேண்டியிருந்தது. காய்ச்சலுக்கு எங்கே இடம்?

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. உரும்பிராயும் ஒரே இரவில் வெறுமையாயிற்று. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் சென்றனர். நோயியல் நோக்கில் பார்த்தால், மலேரியாவுக்கு அதிகம் பழக்கப்படாத ஒரு மக்கட் கூட்டம், வலையும் சுவருமற்ற நிலையில், மலேரியா வேரூன்றிய காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்டது. மரநிழலிலும் படங்கின் கீழும் படுத்தவர்களுக்குச் சுவரில் மருந்து விசிறிப் பயனென்ன? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வைத்தியர்கள் குறைவு. குளோரோகுயின் கிடைத்தால் பெரும்பேறு. 1996 ஏப்ரில், மே மாதங்களில் குடாநாட்டுக்குத் திரும்பியவர்கள் பாழடைந்த வீடுகளுக்கும் இறைக்கப்படாத கிணறுகளுக்கும் திரும்பினார்கள். அடுத்துவந்த மாரிகளில் எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் காய்ச்சற்காரரின் வரிசையை நானே பார்த்திருக்கின்றேன். குளோரோகுயின் குளிசையின் கசப்பு எல்லா வீடுகளுக்கும் தெரிந்திருந்தது.

1999 இல் நாட்டில் 2,60,000 க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். அவர்களுள் பெரும்பகுதியினர் வடக்குக் கிழக்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

சமாதானத்துக்கு முன்பே வந்த குறைவு

இனி வருவதுதான் பலருக்கு வியப்பளிக்கக்கூடியது. 2000 இல் 2,10,000 ஆக இருந்த எண்ணிக்கை 2001 இல் 66,000 ஆக வீழ்ந்தது. 2002 இல் 41,000; 2003 இல் 10,500; 2004 இல் 3,700; 2007 இல் 200 க்கும் குறைவு. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது 2002 பெப்ரவரி 22 இல். ஏ-9 வீதி திறக்கப்பட்டது அவ்வாண்டு ஏப்ரிலில். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்து, தென்மராட்சி போர்க்களமாகி, மக்கள் மீண்டும் பெயர்ந்த ஆண்டு. ஆகவே, 'சமாதானம் வந்தது, மலேரியா போயிற்று' என்று நம்மவர்கள் எளிதாகச் சொல்வதைக் காலவரிசை ஏற்றுக்கொள்ளவில்லை. சமாதானக் காலம் குறைவை விரைவுபடுத்தியது, தொடங்கிவைக்கவில்லை.

தொடங்கிவைத்தவை பல. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மலத்தியனுக்குப் பதிலாகப் புதிய வகைப் பூச்சிகொல்லிகள் பயன்படுத்தப்பட்டன. எல்லா ஊர்களுக்கும் ஒரே மாதிரி விசிறுவதை விட்டு, நோய் கூடிய ஊர்களைத் தெரிந்து விசிறினார்கள். நடமாடும் சிகிச்சை நிலையங்கள் ஊர்களைத் தேடிச் சென்று விரலில் குத்திக் குருதி எடுத்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் விநியோகிக்கப்பட்டன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசத்திலும் அரசாங்கத்தின் சுகாதார ஊழியர்களே பணியாற்றினர் என்பதும், மருந்தும் பூச்சிகொல்லியும் தடைகளுக்கும் தாமதங்களுக்கும் இடையே அங்கே சென்றன என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியவை. எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட இரு தரப்பும் நுளம்பின் விடயத்தில் ஓரளவு வழிவிட்டன. 2003 இன் பின்னர் உலக நிதியத்தின் உதவி வந்தது. சர்வோதயம் போன்ற நிறுவனங்களும் இணைந்தன.

முதுகில் தாங்கியைச் சுமந்து வீடு வீடாக மருந்து விசிறிய ஊழியர்களை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். சமையற் பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். சுவரில் வெண்படலம் படியும். அடித்த திகதியைக் கதவில் எழுதிவிட்டுப் போவார்கள். மூட்டைப்பூச்சி பெருகிவிட்டது என்று அவர்களோடு சண்டையிட்ட ஆச்சிமாரும் உண்டு. சோதனைச் சாவடிகளில் அந்தத் தாங்கியை இறக்கி ஏற்றி, மருந்து என்ன, ஏன் என்று இரு பக்கமும் விளக்கம் சொல்லித் தம் பணியைச் செய்தவர்கள் அவர்கள்.

2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. போர் மீண்டும் உச்சத்தை அடைந்தது. 2009 இல் மூன்று இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1996 இன் அனுபவத்தை அறிந்தவர்கள் பெரும் மலேரியாவை எதிர்பார்த்தார்கள். அது நிகழவில்லை. மக்களின் உடலில் கிருமி ஏற்கனவே மிக அரிதாகிவிட்டதும், முகாம்களில் நோயாளரைத் தேடிப் பிடித்ததும் அதற்குக் காரணங்கள். 2008 முதல் 2010 வரை எண்ணிக்கை ஆண்டுக்கு ஐந்நூறு, எழுநூறு எனச் சிறிது ஏறியது. அதிற் பெரும்பங்கு காடுகளில் நிலைகொண்டிருந்த படையினர். 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். மூன்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் பூச்சியம் நிலைத்த பின்னர், 2016 செப்ரெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக இந்தத் தகுதியைப் பெற்ற நாடு இது.

குறைவை நம்புவது எப்படி?

எண்ணிக்கை இரண்டு வழிகளிற் குறையலாம். நோய் குறைந்தால் குறையும். எண்ணுவதை நிறுத்தினாலும் குறையும். கொரோனாவின் பிற்காலத்தில் பரிசோதனைகள் குறைக்கப்பட்டபோது தொற்றாளர் எண்ணிக்கையும் குறைந்தது. இரண்டையும் பிரித்தறிய மருத்துவமனை அனுமதிகளையும் மரணங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. மலேரியாவில் அந்த ஐயத்துக்கு இடமில்லாமற் செய்தது ஓர் எளிய ஒழுங்கு. 2012 இல் நோயாளர் 93 பேராகிவிட்டபோதும், அவ்வாண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் குருதிப் பூச்சுகள் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கப்பட்டன. தேடுதல் ஓயாமல், கண்டுபிடிப்பு மட்டும் ஓய்ந்தது. 1963 இன் பதினேழும் 2012 இன் பின்னரான பூச்சியமும் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. தெற்கில் மலேரியா ஏறக்குறைய மறைந்த பின்னரும் வடக்கில் அது இருந்தது. வடக்கை விட்டுவிட்டு நாட்டின் சராசரியைப் பார்த்தவர்கள் 1990களின் இறுதியிலேயே நிம்மதியடைந்திருக்கலாம். ஆனால் வவுனியாவைக் கடந்த ஒவ்வொரு பேருந்திலும், விடுமுறையில் ஊர் திரும்பிய ஒவ்வொரு படைவீரரிலும் அந்த நோய் தெற்கே பயணம் செய்திருக்க முடியும். கிளிநொச்சியில் ஒரு பிள்ளைக்கு நேரத்துக்கு மருந்து கிடைப்பது அநுராதபுரத்துப் பிள்ளைக்கும் பாதுகாப்பு என்பதை மலேரியாத் தடை இயக்கத்தினர் உணர்ந்திருந்தனர். அரசியல்வாதிகள் ஏற்க மறுத்த ஒரு உண்மை அது.

மீண்டும் கிணற்றடிக்கு

நுளம்பு போய்விடவில்லை, கிருமிதான் போயிற்று. 2018 டிசெம்பரில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. விரைந்து கண்டுபிடித்ததனால் அது ஒருவரோடு நின்றது. அதற்கு முன்னர், 2012 அளவில், மேற்கு ஆபிரிக்க நாடுகளின் வழியாகக் கனடாவுக்குச் செல்ல முயன்று இடையிற் சிக்கித் திருப்பியனுப்பப்பட்ட நம் இளைஞர்கள் பலர் மலேரியாவோடு திரும்பினார்கள். விமான நிலையத்திலேயே அவர்களின் குருதி சோதிக்கப்பட்டிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க அச்சமாயிருக்கின்றது.

எங்கள் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று உண்டு. 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது இருப்பதை யாழ். பல்கலைக்கழக விலங்கியற்றுறைப் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரன் குழுவினர் வெளிப்படுத்தினார்கள். இது ஆற்றுக் குட்டையை நம்பியிருக்கவில்லை. கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் வளரும். ஆறில்லாத காரணத்தால் ஓரளவு காப்பாற்றப்பட்டிருந்த குடாநாட்டை, அதன் கிணறுகளின் வழியாகவே அணுகக்கூடிய நுளம்பு இது. ஒரு காலத்தில் நாள்தோறும் இறைக்கப்பட்ட எங்கள் கிணறுகளிற் பல இன்று உரிமையாளர் புலம்பெயர்ந்ததால் பாழ்கிணறுகளாகக் கிடக்கின்றன. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானமும், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியுள்ள காலம் இது. அந்தப் போக்குவரத்து நமக்கு வேண்டியதே. அதனோடு சேர்ந்து கண்காணிப்பும் வேண்டும்.

இன்று மார்கழி, தை மாதங்களில் காய்ச்சலோடு வருபவரைக் கண்டதும் இளம் வைத்தியர்கள் டெங்குப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார்கள். அது முறையானதே. ஆனால், மலேரியா நோயாளி ஒருவரைத் தம் வாழ்நாளிற் கண்டிராத வைத்தியருக்கு மலேரியா நினைவுக்கு வருவது கடினம். ஆகவே, இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், பயணம் போய்வந்ததை வைத்தியரிடம் தாமாகவே சொல்லி, மலேரியாவுக்கும் குருதியைச் சோதிக்கும்படி கேட்க வேண்டும். அந்தச் சோதனைக்கு அரச வைத்தியசாலைகளில் கட்டணமில்லை. பாழ்கிணறுகளுக்கு மூடியிடலாம், மூட முடியாதவற்றில் குடம்பி தின்னும் மீன்களை விடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றடியை எட்டிப் பார்க்க வந்தால் படலையைத் திறந்துவிட வேண்டும். ஒரு போரின் நடுவே, இரு பக்கச் சாவடிகளையும் கடந்து, பெயரறியாத ஊழியர்கள் தேடித் தந்த பூச்சியம் இது. அதைக் காத்துக்கொள்ள நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவுதான்.